பாசத்தைக் குறை சொன்னது போதும்

தர்மபுரி மாவட்டத்தில் முதியோரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதியமானிடமிருந்துதான் தொடங்குவார்கள். தான் உண்டிருக்க வேண்டிய நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த மண் இது. இந்த மண்ணிலேயே இன்று பெற்றவர்களைத் திண்ணையில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். கூட்டுக்குடும்பம் போயிற்று, பாசம் போயிற்று, செல்போன் வந்தது, முதியோர் இல்லம் வந்தது. அக்டோபர் 1 முதியோர் தினத்திலும் பள்ளி ஆண்டுவிழாவிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் இதே வரிசைதான். கேட்பவர்கள் கண்கலங்கி வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வீட்டில் இருக்கிற கிழவிக்கு அதனால் எதுவும் மாறுவதில்லை.

இந்தப் பேச்சை மறுத்தாக வேண்டும். பாசம் குறைந்ததுதான் நோய் என்றால் உபதேசம்தான் மருந்து. உபதேசத்துக்குச் செலவில்லை, சட்டம் வேண்டாம், அரசாங்கம் ஒரு ரூபாய் ஒதுக்க வேண்டாம். வெளியூரில் வேலை பார்க்கிறவன் பாவியாகிவிடுகிறான். அம்மாவைத் தன் வீட்டிலேயே வைத்திருக்கிறவனை, எப்படி வைத்திருக்கிறான் என்று யாரும் கேட்காமலே புண்ணியவான் ஆக்கிவிடுகிறோம். நம் நகரத்து வீடுகளில் முதியவர்கள் கேட்பாரற்றுப் போவதற்குப் பாசம் வற்றியது காரணம் என்று நான் ஏற்கவில்லை. கையில் பணமும், பெயரில் சொத்தும், வீட்டுக் காரியத்தில் ஒரு சொல்லும் இல்லாமல் போகிற அன்றே அது தொடங்கிவிடுகிறது. பாசம் இருக்கிற வீட்டிலும் தொடங்குகிறது.

அந்த நெல்லிக்கனியையே எடுத்துக்கொள்வோம். ஔவை அதியமானைப் பெற்றவர் இல்லை. புறநானூற்றில் நாம் காணும் ஔவை பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்த புலவர். தொண்டைமானிடம் அதியமானுக்காகத் தூது போனவர். சொல்லுக்கு மதிப்பிருந்த ஒருவருக்கு அரசன் செய்த மரியாதை அது. பெற்றோரைப் பேணுவதற்கு அதை உதாரணம் காட்டுவது பொருந்தாது. காட்டித்தான் ஆக வேண்டுமென்றால், தொழிலும் சொல்லும் தன்வசம் உள்ளவரை உலகம் மதிக்கும் என்பதற்குக் காட்டலாம்.

அடுத்தது, அந்தக் காலம். கூட்டுக்குடும்பத்தில் கிழவன் கிழவிக்குக் குறையே இருந்ததில்லை என்று சொல்கிறவர்கள் தலைக்கூத்தலை மறந்துவிடுகிறார்கள். விருதுநகர், மதுரை, தேனிப் பக்கத்துக் கிராமங்களில் படுக்கையில் விழுந்த முதியவரை விடியற்காலையில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் இளநீராகக் கொடுத்து, காய்ச்சல் கண்டு சாகவிடுகிற வழக்கம். 2010-ல் விருதுநகர் மாவட்டத்தில் முதியவர் ஒருவர் தனக்கு நாள் குறிக்கப்படுவதை அறிந்து தப்பி ஓடிய பிறகுதான் வெளியுலகம் அதைப் பேசத் தொடங்கியது. பின்னர் 'பாரம்' என்ற படம் அதைச் சொல்லித் தேசிய விருது வாங்கியது. இது பெருநகரத்து அடுக்குமாடியில் தோன்றிய வழக்கம் இல்லை. மேற்கத்திய மோகமும் இதற்குக் காரணம் இல்லை. சொந்தபந்தம் சூழ வாழ்ந்த கிராமங்களில், ஊருக்குத் தெரிந்தே நடந்தது.

நம் பக்கத்துப் பழைய குடும்பங்களையும் ஒளிக்காமல் நினைத்துப் பாருங்கள். நிலம் யார் பெயரில் இருந்ததோ, பெட்டிச் சாவி யார் இடுப்பில் இருந்ததோ, அவர் சொல்லுக்கு வீடு எழுந்து நின்றது. அதே வீட்டில் புருஷனை இழந்து பிறந்தகம் திரும்பிய அத்தைக்கும், பிள்ளை இல்லாத பெரியம்மாவுக்கும் என்ன கிடைத்தது? எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியது. மாட்டுக்கொட்டகைப் பக்கத்தில் ஒரு பாய். அவர்களும் அந்தக் கூட்டுக்குடும்பத்தின் முதியவர்கள்தான். பெரியவர் பெற்ற மரியாதையை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, அத்தையை நினைவிலிருந்து அழித்துவிட்டோம். அந்த மரியாதைக்கும் அடியில் இருந்தது பட்டா. அதனால்தான் சொத்து கைமாறிய மறுவருஷமே பெரியவரின் கட்டில் இடம் மாறியது.

இனி இன்றைய நகரத்து வீடு. ஹெல்ப்ஏஜ் இந்தியா 2018-ல் நாட்டின் 23 நகரங்களில் முதியோரிடம் கேட்ட ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவர் தாம் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தது யார் என்றதற்கு 52 சதவீதம் பேர் மகன் என்றார்கள், 34 சதவீதம் பேர் மருமகள் என்றார்கள். பாதிக்கப்பட்டவர்களில் 82 சதவீதம் பேர் வெளியே யாரிடமும் புகார் செய்யவில்லை. எங்கோ போய்விட்ட பிள்ளைகளைப் பற்றியதா இந்தக் கணக்கு? சோறு போட்டு, கதவு சாத்தி, ஒன்றாக வசிக்கிற வீட்டுக்குள் நடப்பது இது. பிரிந்து போனதால் கைவிட்டார்கள் என்ற வாதம் இதன் முன்னால் நிற்காது.

கொடுமை என்றதும் அடி உதை என்று நினைத்துக்கொள்கிறோம். பென்னாகரம் சாலைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், இருவருமே நல்லவர்கள். ஊரில் இருந்த மேட்டுக்காட்டை விற்றுத்தான் இந்த மனையை வாங்கினார்கள். ஆயாவின் கட்டில் முன்வாசல் போர்ட்டிகோவில், இரண்டு பைக்குகளுக்கு நடுவில் கிடக்கிறது. காலை எட்டரைக்கு ஹாட்பாக்ஸில் சோறு, பக்கத்தில் ஒரு குண்டானில் தண்ணீர், மாத்திரைப் பொட்டலம். சாயங்காலம் ஆறு மணிவரை வீட்டுக்குள் போகும் கதவு பூட்டியிருக்கும். பின்பக்கத்துக் கழிவறை குத்துக்கால் போட்டு உட்காருகிற வகை. அதற்கு ஏற ஒரு முழ உயரப் படி. உட்கார்ந்து எழும் வகை மாடியில், மகனின் படுக்கையறையோடு ஒட்டி இருக்கிறது. ஆயாவுக்கு முழங்கால் மடங்காது. அதனால் அந்த அம்மாள் கண்டுபிடித்திருக்கிற வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. சாயங்காலம் போனால் குண்டான் நிரப்பியது நிரப்பியபடியே இருக்கும். கேட்டால், "பையன் நல்லாத்தான் பாத்துக்கறான், எனக்கு என்ன கொற" என்பார். உண்மையாகவே சொல்கிறார். வீடு கட்டும்போது வரைபடத்தைப் பார்த்து, எனக்குக் கீழே ஒரு கழிவறை வேண்டும் என்று சொல்கிற இடத்தில் அவர் இருக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. காட்டை விற்ற பணம் அவருடையது, சொல் அவருடையதாக இல்லை.

அந்த முழங்காலுக்குப் பின்னாலும் இந்த மாவட்டத்தின் கதை இருக்கிறது. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இன்று 60, 70 தாண்டியவர்கள் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆழ்துளைக் கிணற்று நீரிலும் கைப்பம்பு நீரிலும் கழித்தவர்கள். பல் கறுத்தது, மூட்டு இறுகியது, முதுகு வளைந்தது. மற்ற ஊரில் 80 வயதில் வருகிற தளர்ச்சி இங்கே பலருக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. இப்படி ஓர் உடம்பைத் தினமும் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொள்வது பாசம் மட்டும் செய்து முடிக்கிற வேலையா?

நம் மாவட்டத்துக்கென்று ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த விவாதம் நேர்மையாக இருக்காது. பெண் சிசுக்கொலை என்றால் உசிலம்பட்டியோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பெயர் தர்மபுரி. அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் சேலத்தில் தொடங்கி, 2001-ல் இங்கேயும் கொண்டுவந்தது. 2001 கணக்கெடுப்பில், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்குத் தொள்ளாயிரம் பெண்கூட இங்கே இல்லை. ஏன் அப்படிச் செய்தோம் என்பதற்கு வரதட்சணையை எல்லோரும் சொல்வார்கள். இன்னொரு காரணமும் வீடுவீடாகச் சொல்லப்பட்டது: "பொட்டப்புள்ள அடுத்த ஊட்டுக்குப் போறவ. கடைசிக் காலத்துல கஞ்சி ஊத்த ஆம்பளப் புள்ளதான் வேணும்." அந்தக் கஞ்சிக்காகக் குழந்தைகள் செத்தார்கள். இன்று அந்த வீடுகளின் தாய் தகப்பன்மாருக்கு வயதாகிவிட்டது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வயதானவர்களின் கட்டில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து முதல் பேருந்தில் தூக்குப்பாத்திரத்தோடு வந்து இறங்குகிற மகளை நிறைய பார்ப்பீர்கள்.

அந்த மகளுக்குச் சொத்தில் பங்கு கிடைத்ததா? தமிழ்நாட்டில் பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை 1989-லேயே சட்டமாகிவிட்டது. நடைமுறையில் அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். சொத்து மகனுக்கு, சேவகம் மகளுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, பாசம் குறைந்துவிட்டது என்று மேடையில் அழுவது எந்த நியாயம்? மகன்தான் காப்பாற்றுவான் என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் அவன் பெயருக்கு மாற்றியதுதான் முதியவர்களை இன்று நிராயுதபாணியாக நிறுத்தியிருக்கிறது.

அது நடக்கிற இடம் பத்திரப்பதிவு அலுவலகம். தான செட்டில்மெண்ட் பத்திரத்தைப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "அன்பு, பாசம் கருதி" எழுதிக்கொடுப்பதாகச் சொல்லி, இன்று முதல் சகல உரிமையும் மகனுக்கே, இனி எனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை என்று முடியும். எழுதிக்கொடுக்கிற பெரியவர் அதைப் படிப்பதில்லை. பலருக்குப் படிக்கத் தெரியாது. கண் தெரியாதவருக்கும் எழுத்தர் வாசித்துக் காட்டுவதில்லை. சாகும்வரை இந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கிற ஆயுள்கால உரிமை எனக்கு உண்டு என்று ஒரு வரி சேர்க்கலாம். சோறு, மருந்து, இருப்பிடம் தர வேண்டும், தவறினால் பத்திரம் செல்லாது என்று இன்னொரு வரி சேர்க்கலாம். அல்லது உயில் எழுதலாம். அதற்கு முத்திரைத்தாள் கட்டணமே இல்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், உயிரோடு இருக்கும்வரை சொத்து தன் பெயரிலேயே நிற்கும். இந்த வழிகள் எல்லாம் உண்டு. பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை போடுவது அசிங்கம் என்று பெரியவரே கூச்சப்படுவதால் எழுதப்படுவதில்லை. பாசத்தைப் பற்றி நாம் கட்டிவைத்திருக்கிற பேச்சுதான் அந்தக் கூச்சத்தை உண்டாக்குகிறது.

கூச்சத்தின் விலை என்ன என்பதை நீதிமன்றம் காட்டியது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் 23-ஆம் பிரிவுப்படி, பார்த்துக்கொள்ளும் நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பப் பெறலாம். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு நிபந்தனை இருந்ததாகக் காட்டினால்தான் அந்தப் பிரிவு பொருந்தும் என்றது. அன்பின் பேரில் சும்மா எழுதிக்கொடுத்த எத்தனையோ பேருக்கு அது கதவடைப்பு. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இந்தச் சட்டம் முதியோர் நலனுக்காகவே வந்தது, அதைத் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி அவர் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்தது. இரண்டு மாதம் கழித்துச் சென்னை உயர் நீதிமன்றமும், அன்பின் பேரில் எழுதியது என்பதிலேயே பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. நல்ல தீர்ப்புகள். ஆனால் நம் ஊர்ப் பெரியவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் எத்தனை படி ஏற வேண்டும்?

சட்டப்படி அவர் முதலில் போக வேண்டியது கோட்டாட்சியரிடம். தர்மபுரி, அரூர் என்று மாவட்டத்தில் இரண்டே வருவாய்க் கோட்டம். பட்டா வழக்கும் சட்டம் ஒழுங்கும் தேர்தல் வேலையும் அதே நாற்காலிக்குத்தான் வருகின்றன. வழக்கறிஞர் தேவையில்லை, 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறது. ஜீவனாம்சத்துக்கு உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். சொந்த மகன் மேல் மனு கொடுத்துவிட்டு, சாயங்காலம் அந்த மகன் வீட்டுக் கட்டிலுக்கே திரும்ப வேண்டிய பெரியவர் மனு கொடுப்பாரா? கொடுக்கத் துணிகிறவருக்குப் பெரும்பாலும் போக வேறொரு இடம் இருக்கும். இங்கேயும் மாற்று வழி உள்ளவருக்குத்தான் உரிமை கைக்கு எட்டுகிறது.

மருமகளைக் குறை சொல்வதையும் விட்டுவிடலாம். ஊரில் எந்தக் கிழவி பட்டினி கிடந்தாலும் பழி மருமகள் தலையில் விழுகிறது. 2007 சட்டம் மகனையும் மகளையும் பேரன் பேத்தியையும் பொறுப்பாக்கியது, மருமகளைச் சேர்க்கவில்லை. அவளையும் சேர்க்கும் திருத்த மசோதா 2019-ல் வந்து, நிறைவேறாமல் போயிற்று. போனது நல்லதே. காலையில் சமைத்து, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்குப் போய் வந்து, படுக்கையில் இருக்கிற மாமியாருக்குத் துணி மாற்றுவதும் அவளே. அந்த வீட்டில் மகன் என்ன செய்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. நாள் முழுக்க ஓடுகிற ஒருத்தி சில சமயம் முகம் சுளிப்பதைப் பாசமின்மை என்று எழுதிவைப்பது கொடுமை.

இங்கே எனக்கு வருகிற பதில் தெரியும். "பணத்தைக் கொடுத்தால் பாசம் வந்துவிடுமா? உறவைக் கணக்குப் பார்த்தால் குடும்பம் என்னாவது?" என்பார்கள். பாசம் வரும் என்று நான் சொல்லவில்லை. கழிவறை வரும், மருந்து வரும், மருத்துவமனைக்கு ஆட்டோ வரும். தென்னாப்பிரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் முதியோர் ஓய்வூதியம் கறுப்பின மக்களுக்கும் முழு அளவில் விரிந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோ அந்த வீடுகளை ஆராய்ந்து 2003-ல் எழுதினார்: பாட்டி கையில் ஓய்வூதியம் வந்த வீடுகளில் பேத்திகளின் உடல்வளர்ச்சி தேறியிருந்தது. பாட்டி பணத்தைப் பெட்டியில் பூட்டவில்லை. அந்த வீட்டில் அதிகம் புறக்கணிக்கப்பட்ட இன்னொரு உயிருக்கு ஊட்டியிருக்கிறாள். பெண்குழந்தைகளை இழந்த ஒரு மாவட்டம் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பெற்றோரைப் பேணுவதை நம்மைப் போலவே குலதர்மமாகச் சொல்லிக்கொண்ட நாடு ஜப்பான். 2000 ஏப்ரலில் அங்கே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தது. 40 வயது நிரம்பியவர்கள் எல்லாம் சந்தா கட்டுகிறார்கள். படுக்கையில் இருக்கும் முதியவரைக் குளிப்பாட்டப் பயிற்சி பெற்றவர் வீட்டுக்கு வருகிறார். குடும்பம் மட்டும் சுமக்க முடியாது என்று ஒப்புக்கொண்டதால் அந்தக் குடும்பங்கள் சிதறிப்போகவில்லை.

நம் நிலை என்ன? தமிழ்நாடு 1962-லேயே முதியோர் உதவித்தொகை தொடங்கிய மாநிலம், அப்போது மாதம் 20 ரூபாய். 2011-ல் 1,000 ஆக்கினார்கள். 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. நாளுக்கு 40 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயதுவரை மாதம் 200 ரூபாய். பல ஆண்டுகளாக மாறாத அதே 200. ஆதரவற்றவர் என்று காட்டினால்தான் கிடைக்கும் என்பதால், மகன் இருக்கிறானா என்பது முதல் கேள்வியாகிவிடுகிறது. மகன் இருந்தும் பட்டினி கிடக்கிற தாய்க்கு அந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்கிறது? இருக்கிறான் என்றால் தொகை போய்விடும். இல்லை என்று சொல்லப் பெற்ற வாய் வராது. மகன் பார்த்துக்கொள்வான் என்று மேடையில் பேசுகிறவர் நம்புகிற அதே கதையை அரசாங்கமும் நம்பிக்கொண்டு, தன் பணத்தை மிச்சம் பிடிக்கிறது. தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் 2021-ல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் என்றும் 2031-ல் 18.2 ஆவார்கள் என்றும் தேசியப் புள்ளியியல் அலுவலக அறிக்கையின் கணிப்பு. இத்தனை பேரை எப்படி இந்த நம்பிக்கையின் மேல் நிறுத்திவைப்பது?

பெங்களூருக்குப் போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழை பொய்த்து, கிணறு வற்றி, கேழ்வரகும் துவரையும் வயிற்றுக்கே காணாமல் போனபோது கொத்து வேலைக்கும் கம்பி கட்டும் வேலைக்கும் கிளம்பியவர்கள் அவர்கள். பலர் குழந்தைகளைத் தாத்தா ஆயாவிடம் விட்டுப் போனார்கள். ஊரில் இருக்கிற முதியவர்கள் பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள், மாட்டைப் பார்க்கிறார்கள், அனுப்புகிற பணத்தில் கடன் அடைக்கிறார்கள். அந்தப் பணம் தாயின் வங்கிக் கணக்கில் விழுந்து, அட்டையும் அவளிடமே இருந்தால், நூறு கிலோமீட்டர் தாண்டி இருக்கிற மகன் போர்ட்டிகோ வீட்டு மகனைவிட நன்றாகத் தாயைப் பார்த்துக்கொள்கிறான் என்றுதான் சொல்வேன்.

உருப்படியாகச் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. மகன் இருக்கிறான் என்பதால் உதவித்தொகை மறுக்கும் நடைமுறையை எடுத்துவிட வேண்டும். வருமான வரி கட்டாத ஒவ்வொரு முதியவருக்கும் அது உரிமையாகச் சேர வேண்டும். மத்திய அரசின் 200 ரூபாயை விலைவாசியோடு சேர்த்து உயர்த்த நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வருகிற அந்தப் பெண் ஊழியர், முதியவர் எங்கே படுக்கிறார், கழிவறைக்கு எப்படிப் போகிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்பதையும் கேட்டு எழுதலாம். கோட்டாட்சியர் மாதத்தில் ஒரு நாளாவது பென்னாகரத்துக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் போய் முதியோர் மனுக்களை மட்டும் விசாரிக்கலாம்.

முதலில் செய்ய வேண்டியது பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. அறுபது தாண்டிய ஒருவர் பிள்ளைக்குச் சொத்து எழுதிக்கொடுக்க வந்தால், சார்பதிவாளர் பிள்ளைகளையும் பத்திர எழுத்தரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவரைத் தனியே உட்காரவைத்துப் பத்திரத்தை முழுக்க வாசித்துக் காட்டட்டும். நாளை முதல் இந்த வீடு உங்களுடையது இல்லை, தெரியுமா அம்மா, நீங்கள் எங்கே படுப்பீர்கள், யார் சோறு போடுவார்கள், அதை இதில் எழுதச் சொல்லட்டுமா என்று கேட்கட்டும். அவர் பதில் சொன்ன பிறகு கைரேகை வாங்கட்டும்.